சிக்லிட் பெயர்க் குழப்பம்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினைந்து வருடமாக ஆப்பிரிக்க சிக்லிட் வளர்க்கிறேன். வாரத்துக்கு ஐந்தாறு பேராவது வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, "இது என்ன மீன்?" என்று கேட்கிறார்கள். கேட்கும் ஆள்தான் மாறுகிறார், கேள்வி அதேதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

சார், இது "சிக்லிட்"டா "சிச்லிட்"டா? நம்ம ஊர்ல இந்த ஜாதி மீன் இருக்கா?

சிக்லிட். எழுத்தைப் பார்த்துப் படிப்பவர்கள் "சிச்லிட்" என்கிறார்கள். கடையில் இரண்டும் புரியும். இது ஒரு மீனின் பெயர் அல்ல, ஒரு பெரிய குடும்பத்தின் பெயர்.

நம் ஊரில் இருக்கிறதா என்றால், தாராளமாக இருக்கிறது. ஏரியிலும் குளத்திலும் பிடித்து மார்க்கெட்டில் குவித்து வைத்திருக்கும் ஜிலேபிக் கெண்டை ஒரு சிக்லிட்தான். அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த திலாப்பியா. 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. இந்த மண்ணுக்கே சொந்தமான சிக்லிட் மூன்று உண்டு. ஒன்று, கேரளாவில் பொரித்துத் தரும் கரிமீன். அதன் அறிவியல் பெயர் எட்ரோப்ளஸ் சுரடென்சிஸ். பெயரில் சூரத் இருந்தாலும் அது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உப்பங்கழிகளில் வாழும் மீன். மற்ற இரண்டு ஆரஞ்சு குரோமைடும் கர்நாடகப் பக்கத்து கனரா கரிமீனும். பெயரை மட்டும் வைத்து ஊரைச் சொல்ல முடியாது என்பதற்கு நம் கரிமீனே முதல் சாட்சி.

கடைல "எலெக்ட்ரிக் எல்லோ"ன்னு குடுத்தாங்க. நெட்ல "யெல்லோ லேப்"னு போட்டிருக்கு. ரெண்டும் ஒண்ணா?

ஒன்றேதான். இரண்டும் வியாபாரப் பெயர்கள். அறிவியல் பெயர் லேபிடோக்ரோமிஸ் செருலியஸ். "லேப்" என்பது லேபிடோக்ரோமிஸின் சுருக்கம்.

இந்த மீனின் கதை தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். செருலியஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு நீலம் என்று அர்த்தம். பளீரென்று மஞ்சளாக இருக்கும் மீனுக்கு நீலம் என்று ஏன் பெயர்? 1956இல் ஜெஃப்ரி ஃப்ரையர் இதற்குப் பெயர் வைத்தபோது அவர் கையில் இருந்தவை மஞ்சள் மீன்கள் அல்ல. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில், மேற்குக் கரையில் ங்காட்டா பே பகுதியில் இந்த இனம் வெள்ளையாக, லேசான நீலச் சாயலோடு இருக்கும். அதே கரையில் வடக்கே லயன்ஸ் கோவ் பக்கம் போனால்தான் மஞ்சள். அந்தச் சின்னப் பகுதியின் நிறம்தான் உலகம் முழுக்கத் தொட்டிகளுக்குப் போயிற்று. ஏரியில் இந்த இனத்தின் பெரும்பகுதி வெள்ளை; வளர்ப்பவர்களுக்குத் தெரிந்ததோ மஞ்சள் மட்டும்.

ஆக ஒரு சிக்லிட்டுக்கு மூன்று பெயர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: கடைப்பெயர், அறிவியல் பெயர், பிடித்த இடத்தின் பெயர். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம்.

ஒரு இன்ச் குஞ்சு வாங்கினேன், எல்லாம் மஞ்சள். ஆறு மாசத்துல ரெண்டு மட்டும் நீலமா மாறிடுச்சு. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் உங்கள் கைக்கு வந்தது சவுலோசி, அதாவது சிண்டோங்கோ சவுலோசி. அதில் குஞ்சும் பெண்ணும் மஞ்சள். ஆண் வளர்ந்ததும் நீலத்தில் கறுப்புப் பட்டை போட்டுக்கொள்ளும். உங்கள் இரண்டு நீல மீனும் ஆண்கள்.

வாங்கும்போதே பிரிக்க ஒரு வழி இருக்கிறது. செல்போன் டார்ச்சைத் தொட்டியின் பக்கவாட்டில் பிடித்து, முதுகுத் துடுப்பு விரியும் வரை காத்திருங்கள். யெல்லோ லேப் குஞ்சாக இருந்தால், துடுப்பின் மேல் விளிம்பை ஒட்டி மை பேனாவால் இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு தெரியத் தொடங்கியிருக்கும். சவுலோசி குஞ்சில் அந்தக் கோடு இருக்காது. மஞ்சள் இல்லாமல் ஆரஞ்சாக, கறுப்பே இல்லாமல் இருந்தால் ரெட் ஜீப்ரா என்ற இன்னொரு மலாவி மீனோ என்று சந்தேகப்படலாம். கோடு இருந்தும் அழுக்காக, விட்டு விட்டு இருந்து, உடம்பும் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தால் அது லேபுக்கும் ரெட் ஜீப்ராவுக்கும் பிறந்த கலப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கலப்பு சந்தையில் நிறைய ஓடுகிறது.

அறிவியல் பெயரைப் பிடிச்சுக்கிட்டா குழப்பமே இல்லல்ல? அப்புறம் ஏன் அதையும் மாத்திக்கிட்டே இருக்காங்க?

குழப்பம் குறையும், முழுதாகத் தீராது. அறிவியல் பெயரில் இரண்டு சொல் இருக்கும். முதல் சொல் பேரினம், இரண்டாவது இனம். மாறுவது பெரும்பாலும் முதல் சொல்தான். டெமசோனி என்ற மலாவி மீனை எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் பெயரிட்டபோது அது சூடோட்ரோஃபியஸ் டெமசோனி. 2016இல் சிண்டோங்கோ என்ற புதுப் பேரினத்தை உருவாக்கி, டெமசோனி, சவுலோசி, சோகோலோஃபி எல்லாவற்றையும் அதில் சேர்த்தார்கள். இரண்டாவது சொல்லைப் பிடித்துக்கொண்டால் பழைய புத்தகத்திலும் புது இணையப் பக்கத்திலும் ஒரே மீனைக் கண்டுபிடித்துவிடலாம்.

இன்னும் பெரிய மாற்றம் அமெரிக்க சிக்லிட்களில் நடந்தது. ஒரு காலத்தில் மத்திய அமெரிக்க மீன்கள் கிட்டத்தட்ட எல்லாமே சிக்லசோமா. 1983இல் ஸ்வென் குல்லாண்டர் அந்தப் பேரினத்தைத் தென் அமெரிக்காவின் சில இனங்களோடு நிறுத்திவிட்டார். மற்றவை வீடில்லாமல் நின்றன. கன்விக்ட் சிக்லிட் ஆர்கோசென்ட்ரஸ், கிரிப்டோஹீரோஸ் என்று அலைந்து இப்போது அமடிட்லேனியாவில் இருக்கிறது. மீன் மாறவில்லை, அதன் உறவுக்காரர்கள் யார் என்ற புரிதல்தான் மாறியது.

சின்னக் குறிப்பு ஒன்று. பெயருக்குப் பின்னால், பெயர் வைத்தவரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருந்தால், முதலில் வேறு பேரினத்தில் வைக்கப்பட்ட மீன் அது என்று பொருள். அடைப்புக்குறி இல்லாவிட்டால் பிறந்த வீட்டிலேயே இருக்கிறது. யெல்லோ லேபுக்கு அடைப்புக்குறி கிடையாது.

ஜீப்ராவுக்கு ஒருத்தர் "மேலாண்டியா"ங்கறார், இன்னொருத்தர் "மெட்ரியக்ளைமா"ங்கறார். எது சரி?

இரண்டுமே ஒரே கூட்டத்து மீன்களுக்கான பேரினப் பெயர். 1984இல் மேயரும் ஃபோர்ஸ்டரும் மேலாண்டியா என்ற பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் விதிப்படி சரியாக வைக்கப்படவில்லை, செல்லாது என்று சொல்லி 1997இல் ஸ்டாஃபரும் அவரோடு சேர்ந்தவர்களும் மெட்ரியக்ளைமா என்று வைத்தார்கள். செல்லும் என்று 1999இல் மறுப்பு வந்தது. முந்திய பெயருக்கே உரிமை என்பது விதி. அதனால் வழக்கு முழுவதும் முந்திய பெயர் செல்லுமா என்பதில்தான்.

பெரிய மீன் பட்டியல்கள் மேலாண்டியா என்கின்றன. மலாவி மீன்களோடு நெருங்கிப் பழகும் பலர் மெட்ரியக்ளைமாவை விடவில்லை. நான் மேலாண்டியா என்று எழுதுகிறேன், ஆனால் மற்றதைப் பார்த்து வேறு மீன் என்று நினைத்து இரண்டாவது தடவை வாங்கிவிடாதீர்கள். அப்படி வாங்கிய இருவரை எனக்குத் தெரியும்.

"எலெக்ட்ரிக் ப்ளூ" வேணும்னு ஆர்டர் போட்டேன், வந்தது வேற மீன். யார் தப்பு?

பெயரின் தப்பு. எலெக்ட்ரிக் ப்ளூ என்ற பெயரில் குறைந்தது அரை டஜன் மீன் விற்பனையில் இருக்கிறது. எலெக்ட்ரிக் ப்ளூ அகாரா, எலெக்ட்ரிக் ப்ளூ ராம், எலெக்ட்ரிக் ப்ளூ ஜாக் டெம்ப்சி மூன்றும் அமெரிக்க வகைகள். அவற்றை மலாவி மீன்களோடு விடவே கூடாது.

மலாவி மீன்களில் மட்டும் இந்தப் பெயரில் இரண்டு குழப்பம். முதலாவது, "அஹ்லி" என்று விற்கப்படும் நீல மீன். அது உண்மையில் சயனோக்ரோமிஸ் ஃப்ரையரி. அஹ்லி என்பது அதே பேரினத்தில் வேறொரு இனம். பல வருடம் தவறாக ஒட்டிக்கொண்டிருந்த பெயரை 1993இல் ஆட் கோனிங்ஸ் பிரித்து எழுதினார். விலைப்பட்டியலில் மட்டும் இன்னும் அஹ்லிதான்.

இரண்டாவது, ஜொஹானியும் மைங்கானோவும். இரண்டிலும் ஆண் கருநீலம், நீளவாட்டில் வெளிர்நீலக் கோடு. பிரிக்க எளிய வழி பெண்ணைப் பார்ப்பது. ஜொஹானியில் பெண் மஞ்சள் கலந்த ஆரஞ்சு. மைங்கானோவில் பெண்ணும் ஆணைப் போலவே நீலம். மைங்கானோ என்பது லிக்கோமா தீவில் ஓர் இடத்தின் பெயர்.

"மூரி" வாங்கினேன். ஒரு குரூப்ல ஸ்பைருலினா மட்டும் போடுன்னாங்க, இன்னொரு குரூப்ல புழு போடுன்னாங்க. யாரை நம்பறது?

இருவரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், வேறு வேறு மீனுக்கு. (ஸ்பைருலினா என்பது பாசித் தீனி.) இது வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. அதனால் முதலில் உங்கள் மீனின் நெற்றியைப் பாருங்கள்.

நெற்றி புடைத்து, உடம்பு முழுக்க இளநீலமாக, சாந்தமாக இருந்தால் அது சிர்டோகாரா மூரி. கடையில் ப்ளூ டால்ஃபின் என்பார்கள். மலாவி ஏரி மீன். அங்கே மணலைக் கிளறும் பெரிய மீன்களின் பின்னாலேயே போய், கிளம்பி வரும் சின்னப் பூச்சிகளைத் தின்னும். எட்டு அங்குலம் வரை வளரும்.

உடம்பு குட்டையாக, வாய் கீழ் நோக்கி, ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் அது ட்ரோஃபியஸ் மூரி. தாங்கன்யீக்கா ஏரி மீன். பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பதற்கேற்ற நீளக் குடல். புரதம் அதிகமான தீனியை அள்ளிப் போட்டால் வயிறு வீங்கி, தொட்டி முழுக்க ஒரு வாரத்தில் போய்விடும். இரண்டுக்கும் பெயர் வைத்தவர் ஒருவரே, பூலெஞ்சர். 1890களில் தாங்கன்யீக்காவுக்குப் போய் மீன்களைச் சேகரித்து வந்த ஜே. இ. எஸ். மூரை கௌரவித்த பெயர் அது. பள்ளியில் படித்த மியோசிஸ் என்ற உயிரணுப் பிரிவு நினைவிருக்கிறதா? 1905இல் அந்தச் சொல்லைக் கொண்டுவந்த இருவரில் ஒருவர் இதே மூர்தான்.

பேருக்கு நடுவுல "எஸ்பி" போட்டு மேற்கோள் குறில ஒரு பேர் போடறாங்களே, அது என்ன?

இன்னும் முறைப்படி பெயர் வைக்கப்படாத மீன் என்று அர்த்தம். உதாரணம், சூடோட்ரோஃபியஸ் எஸ்பி. "ஏசெய்". இத்தனை வருடமாக எல்லாக் கடையிலும் கிடைக்கும் மீன், ஆனால் முறையான பெயர் இன்னும் இல்லை. சில சமயம் "சிஎஃப்" என்று இருக்கும். இந்த இனம் போலத் தெரிகிறது, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று பொருள். "அஃப்" என்றால் இந்த இனத்துக்கு நெருங்கியது, ஆனால் இது அல்ல. இப்படி எழுதி விற்பவரை நம்பலாம் என்பது என் அனுபவம். தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிறாரே.

அதற்கும் பின்னால் வருவது ஊர்ப் பெயர். ஏசெய்யிலேயே வால் மஞ்சளாக இருப்பது லுவாலா ரீஃப் பக்கத்து மீன், வெள்ளை வால் இங்காரா பக்கத்து மீன்.

ஒரே இனம்னா ஏன் ஊருக்கு ஊர் கலர் மாறுது?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. வரைபடத்தில் ஏரி ஒரே தண்ணீராகத் தெரியும். பாறை மீனுக்கு அப்படி இல்லை. மலாவி ஏரியில் பாறையை ஒட்டி வாழும் கூட்டத்தை அங்கே டோங்கா மொழியில் ம்புனா என்பார்கள். பாறை மீன் என்றே பொருள். ஒரு பாறைத் திட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே சில கிலோமீட்டர் வெறும் மணல் இருந்தால், அந்த மீனுக்கு அது கடல் மாதிரி. ஒளிய இடமில்லாத மணலைத் தாண்டிப் போகாது. குஞ்சுகளாவது நீரோட்டத்தில் மிதந்து போகுமா என்றால், அதுவும் இல்லை. தாய் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரித்து, நீந்தத் தெரிந்த குஞ்சாகத்தான் வெளியே விடும், அதுவும் அதே பாறை இடுக்கில். அப்புறம் பெண் மீன்கள் ஆணின் நிறத்தைப் பார்த்துத்தான் ஜோடி சேருகின்றன. இப்படி ஒவ்வொரு திட்டிலும் ஆயிரக்கணக்கான வருடம் போனால், நிறம் தனித்தனியாகப் போய்விடும்.

தாங்கன்யீக்காவின் ட்ரோஃபியஸில் இது உச்சம். நான்கு நாடுகள் பங்கிடும், சுமார் 670 கிலோமீட்டர் நீள ஏரி. அதன் கரை நெடுக இந்தப் பேரினத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட நிற வகைகள் இருக்கின்றன. இலாங்கி, சிலங்கா, மொலிரோ என்று நீங்கள் பட்டியலில் பார்ப்பதெல்லாம் கரையோர இடங்களின் பெயர்கள். பழங்காலத்தில் ஏரியின் நீர்மட்டம் நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கியும் ஏறியும் இருக்கிறது. இறங்கியபோது பிரிந்தவை, ஏறியபோது சேர்ந்தவை, மறுபடி பிரிந்தவை என்று அந்த வரலாறு முழுவதும் மீனின் உடம்பில் நிறமாக நிற்கிறது. அதனால்தான் ஊர்ப் பெயரைத் தொலைக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அப்ப பேருக்குப் பின்னால ஊர் இருந்தா, அங்க பிடிச்சதுன்னு நம்பலாமா?

எப்போதும் முடியாது. "தைவான் ரீஃப்" என்று சவுலோசிக்கும் புரோட்டோமெலஸ் என்ற பேரினத்து மீன் ஒன்றுக்கும் பின்னால் வரும். தைவான் நாட்டுப் பண்ணை மீன் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது மலாவி ஏரிக்குள், சிசுமுலு தீவுக்கு அருகே இருக்கும் ஒரு பாறைத்திட்டு. சவுலோசி அங்கே மட்டும்தான் வாழ்கிறது. அளவுக்கு மீறிப் பிடித்ததால் மிக அருகிப்போயிற்று.

இதற்கு நேர்மாறானது "ஜெர்மன்". ஜெர்மன் ப்ளூ ராம், ஜெர்மன் ரெட் பீகாக் எதுவும் ஜெர்மனி ஆற்றில் பிடித்தவை அல்ல, வளர்ப்பில் நிறம் தேர்ந்து உருவாக்கியவை. ராம் மீனின் சொந்த ஊர் வெனிசுவேலா, கொலம்பியா புல்வெளி ஓடைகள். ஏஞ்சல் மீனில் "பெரு ஆல்டம்" என்று ஒன்று வரும். அது பெருவிலிருந்து வரும் ஸ்கேலார் வகை, அதாவது சாதாரண ஏஞ்சல். உண்மையான ஆல்டம் ஒரினோகோ, மேல் ரியோ நீக்ரோ ஆறுகளில்தான்.

ஊர் சரியாக இருந்து, நாட்டின் பெயர் பழையதாக இருப்பதும் உண்டு. தாங்கன்யீக்கா மீனான ஃப்ரண்டோசாவில் "ஜயர் ப்ளூ" என்கிறார்களே, ஜயர் என்ற நாடு 1997இலேயே காங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகிவிட்டது.

ஃப்ரண்டோசாவுக்கு ஆறு பட்டையா ஏழு பட்டையா?

தலையில் இருப்பதையும் சேர்த்து எண்ணுங்கள். "புருண்டி" என்று வருவதில் ஆறு, தான்சானியாவின் கிகோமா பக்கத்து மீனில் ஏழு. அதனால் ஏழு இருந்தால் கிகோமா என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். ஆறு இருந்தால் மட்டும் புருண்டி என்று சொல்ல முடியாது, ஏனென்றால் ஏரியின் தெற்குப் பக்க மீன்களுக்கும் ஆறுதான்.

அந்தத் தெற்கு மீன் இப்போது ஃப்ரண்டோசாவே இல்லை. 2003இல் தகாஹாஷியும் நகாயாவும் அதை சைஃபோடிலேபியா கிபெரோசா என்று தனி இனமாகப் பிரித்தார்கள். உடம்பின் பக்கவாட்டில் செதில் மேல் ஓடும் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே ஃப்ரண்டோசாவில் இரண்டு செதில் வரிசை, கிபெரோசாவில் மூன்று. ம்பிம்ப்வே, மோபா என்று ஆழ்ந்த நீலத்தில் வருபவை எல்லாம் கிபெரோசா. கடையில் யாரும் செதில் எண்ண விடமாட்டார்கள், ஆனால் விலை அதிகம் கொடுக்கும்போது பக்கவாட்டில் தெளிவான படம் கேளுங்கள். பெரிதாக்கினால் எண்ணலாம்.

"டபிள்யூசி", "எஃப் 1"ன்னா?

டபிள்யூசி என்றால் ஏரியிலேயே பிடித்த மீன். அதற்குத் தொட்டியில் பிறந்த முதல் தலைமுறை எஃப் 1, அடுத்தது எஃப் 2. தலைமுறை எண் மட்டும் எழுதி இடத்தின் பெயர் எழுதாத பாக்கெட்டுக்கு அதிக விலை கொடுக்காதீர்கள்.

ஒரே இனம்தானே, ரெண்டு ஊர் மீனை ஒரே தொட்டில விட்டா என்ன?

சேர்ந்து முட்டை வைக்கும், குஞ்சும் நன்றாக வளரும், அந்தக் குஞ்சும் முட்டை வைக்கும். அதுதான் பிரச்சினை. நாய், மாடு கலப்பைப் போல நினைக்காதீர்கள். மேலே சொன்ன ஆயிரக்கணக்கான வருடப் பிரிவு ஒரே ஈற்றில் அழிந்துவிடும், பிறகு எவ்வளவு முயன்றாலும் திரும்ப எடுக்க முடியாது.

நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். ஔலோனோகாரா ஸ்டூவர்ட்கிராண்டி என்ற பீகாக்கில் மாலெரி என்ற ஊர் வகை மஞ்சள், உசிஸ்யா என்ற ஊர் வகை நீலமும் மஞ்சளும். ஆண்களைப் பார்த்தால் யாரும் குழம்ப மாட்டார்கள். பெண்கள் இரண்டும் ஒரே சாம்பல் நிறம், மங்கலான பட்டை. இடம் போதாமல் இரண்டு மாதத்துக்கு ஒரே நான்கு அடித் தொட்டியில் விட்டேன். வாயில் முட்டையோடு இருந்த ஒரு பெண்ணைப் பிரித்து, பிறந்த நாற்பது சொச்சம் குஞ்சுகளை "மாலெரி" என்று சொல்லி நண்பர்களுக்குக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு நண்பர் படம் அனுப்பினார். மஞ்சள் மேல் நீலத்தைத் துணியால் துடைத்தது போல ஒரு ஆண். பார்த்ததும் புரிந்துவிட்டது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். இரண்டு பேர் அதற்குள் அடுத்த தலைமுறையைக் கடைக்கே கொடுத்திருந்தார்கள். அவை எந்தப் பெயரில் எங்கே போயின என்று கண்டுபிடிக்க முடியவில்லை, இன்றுவரை மனதை உறுத்துகிறது.

அன்றிலிருந்து ஒரு தொட்டியில் ஒரு பேரினத்துக்கு ஒரே ஊர். பீகாக் இரண்டு வேண்டுமென்றால் இரண்டு தொட்டி. ஆண்களை மட்டும் வைத்து அழகுக்கு வளர்ப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை.

"ஓபி பீகாக்" எந்த ஊர் வெரைட்டி?

எந்த ஊரும் இல்லை. ஓபி என்றால் ஆரஞ்சு உடம்பில் கறுப்புத் திட்டு. ஏரியில் அது இயற்கையாகவே ம்புனாக்களில் இருக்கிறது, பெரும்பாலும் பெண்களில். ஒரே திட்டில் ஒரே இனத்தில் சாதாரணப் பெண்ணும் ஓபி பெண்ணும் சேர்ந்தே வாழும், ஆகவே ஓபி என்பது ஊர் வகையும் அல்ல. பீகாக்கில் இயற்கையாக ஓபி கிடையாது. ஒரு ம்புனாவோடு கலந்து அந்த நிறத்தைக் கொண்டுவந்தார்கள்.

டிராகன் பிளட், ஸ்ட்ராபெரி, ஃபயர்ஃபிஷ் என்று வரும் பீகாக் எல்லாமும் மனிதர் உருவாக்கியவை. ஃப்ளவர்ஹார்னும் அப்படித்தான். நம் ஊரில் வாஸ்து மீன் என்று வாங்கி வரவேற்பறையில் வைக்கும் அந்த மீன், 1990களில் மலேசியாவில் மத்திய அமெரிக்க சிக்லிட்களைக் கலந்து உருவாக்கியது. வளர்ப்பதில் தப்பே இல்லை. ஏரி மீன் என்ற பெயரில் விற்பதும், ஏரி மீனோடு சேர்த்துக் குஞ்சு எடுப்பதும்தான் தப்பு.

ஒன்றரை இன்ச் பீகாக், செம கலர். வீட்டுக்கு வந்து ரெண்டு மாசத்துல வெளுத்துடுச்சு. தண்ணி சரியில்லையா?

தண்ணீரையும் பாருங்கள். ஆனால் அந்த அளவில் பீகாக் இயல்பாகவே சாம்பலாகத்தான் இருக்கும். ஒன்றரை அங்குலத்தில் முழு நிறம் என்றால் ஹார்மோன் தீனி கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். அதை நிறுத்தினால் நிறம் இறங்கும். பெண் மீனுக்கே ஆண் நிறம் ஏற்றி விற்பதும் நடக்கிறது. நிறத்தை வைத்து ஊர் வகையைச் சொல்வதெல்லாம் வளர்ந்த, இயல்பாக நிறமேறிய ஆணுக்கு மட்டுமே பொருந்தும்.

விக்டோரியா ஏரி "ஒப்ளிக்விடென்ஸ்" கிடைக்குமா?

"ஜீப்ரா ஒப்ளிக்விடென்ஸ்" என்று கிடைப்பது அஸ்டாடோடிலேபியா லாட்டிஃபேசியாட்டா. அது விக்டோரியா மீன் அல்ல, உகாண்டாவின் கியோகா ஏரிப் பகுதி மீன். உண்மையான ஒப்ளிக்விடென்ஸ் விக்டோரியாவில் பாசி சுரண்டும் வேறு இனம். அதன் சாய்ந்த பல்லுக்காக வைத்த பெயர், பல்லைப் பார்க்காமலே இன்னொரு மீனுக்குப் போய்விட்டது. கடையில் கிடைப்பதும் நல்ல மீன்தான், தாராளமாக வளருங்கள், பெயரை மட்டும் சரியாக எழுதுங்கள்.

"ஆஃப்ரிகன் மிக்ஸ்"னு இருபது குஞ்சு எடுத்தேன். படம் அனுப்பறேன், ஒவ்வொண்ணுக்கும் பேர் சொல்றீங்களா அண்ணா?

சொல்ல முடிந்ததைச் சொல்கிறேன் தம்பி, ஆனால் பலவற்றுக்கு "பேரினம் இதுவாக இருக்கலாம்" என்பதோடு நிறுத்துவேன். கலந்த தொட்டியில் பிறந்த குஞ்சுக்கு, பார்க்க அச்சு அசலாக இருந்தாலும், ஊர்ப் பெயர் வைக்கக் கூடாது. இதில் ஓர் ஆண் படத்தில் இருக்கும் மாலெரியைப் போலவே இருக்கலாம். அதன் தாய் யார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அழகுக்கு வளருங்கள். குஞ்சு எடுத்துக் கொடுப்பதானால் "மிக்ஸ்" என்றே சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த தடவை சென்னை கொளத்தூர் மீன் கடைகள் பக்கம் போகும்போது கடைப்பெயரை மட்டும் சொல்லாமல், வளர்ந்த ஆண் பெண் இரண்டின் படத்தையும் போனில் காட்டிக் கேளுங்கள். பண்ணையில் தாய் மீனைப் பார்க்க விட்டால் கட்டாயம் போய்ப் பாருங்கள். இருபது குஞ்சைப் பார்ப்பதைவிடத் தாய்த் தொட்டியை ஒரு நிமிடம் பார்ப்பது மேல்.

ஏரில அந்த இடத்துலயே பிடிச்ச மீன்னா அதோட பேர் நூறு சதவீதம் உறுதிதானே?

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மலாவியின் தெற்கே கேப் மக்ளியர் அருகில் தும்பி மேற்குத் தீவு. இன்று தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, 1984 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் உண்டு. பூங்கா வருவதற்கு முன்பு, மீன் ஏற்றுமதி நடந்த காலத்தில், ஏரியின் வேறு பகுதிகளில் பிடித்த ம்புனாக்கள் அங்கே விடப்பட்டன. அவை பெருகி நிலைத்துவிட்டன, சில உள்ளூர் மீன்களோடு கலந்தும்விட்டன. ஆக அங்கே பிடித்த மீனைத் தும்பி மேற்கு என்று எழுதுவது பிடித்த இடத்தைப் பொறுத்தவரை உண்மை. அதன் பூர்வீகம் வேறாக இருக்கலாம். தெளிவான, மணல் பிரித்த திட்டுகளுக்கு இந்தச் சந்தேகம் பெரிதாக வராது.

குஞ்சு விக்கப் போறேன். பாக்கெட்ல என்ன எழுதறது?

மூன்று பெயரும், வாங்கிய விவரமும். நான் காகித டேப்பில் கறுப்பு மார்க்கரால் எழுதித் தொட்டியின் இடது மேல் மூலையில் ஒட்டுவேன். பாக்கெட்டில் போடும்போது அதையே பார்த்து எழுதுவேன், ஞாபகத்திலிருந்து எழுத மாட்டேன். இப்போது என் மூன்றாம் தொட்டியில் இருப்பது இது:

"ஏசெய், வெள்ளை வால். சூடோட்ரோஃபியஸ் எஸ்பி. 'ஏசெய்'. இங்காரா. தலைமுறை தெரியாது. ஒரே ஆளிடம் 9 குஞ்சாக வாங்கியது, வேறு எதுவும் சேர்க்கவில்லை."

"தெரியாது" என்ற சொல்லை அழிக்காமல் அப்படியே எழுதுங்கள்.